இழைத்த மையும் புட்டி மையும்

ஒரே தூரிகை, ஒரே கட்டிலிருந்து உருவிய, தூரிகை எழுத்துக்கான இரண்டு சீனச் சுவான் தாள்கள். ஒன்றில் தரமான புட்டி மையால் ஒரு கிடைக்கோடு. மற்றதில் அரை மணி நேரம் கல்லில் இழைத்தெடுத்த மையால் அதே கோடு. இரண்டும் அடர்கறுப்பு. காய்ந்தபின் தாள்களை இடம்மாற்றி வைத்துவிட்டு எந்தக் கோடு எந்த மை என்று கேட்டால், பல ஆண்டுகள் எழுதிப் பழகியவரும் தயங்குவார். நானும் தயங்கியிருக்கிறேன்.

அடுத்து இரண்டு மைகளிலும் தண்ணீர் சேர்த்து, மழைமேகத்தின் சாம்பல் நிறம் வரும்வரை நீர்க்கவிட்டு, மறுபடியும் ஒரு கோடு இழுத்தேன். இம்முறை தயக்கம் இல்லை. இழைத்த மையின் கோட்டில் தூரிகை நடந்த தடம் நடுவே தண்டுபோல நிற்கிறது. ஈரம் பரவிய இடம் அதைச் சுற்றி மெல்லிய விளிம்பாக விரிகிறது. என் புட்டி மையின் கோட்டில் தண்டும் பரவலும் ஒன்றோடொன்று கலந்து, ஒரே சீரான பட்டையாக அடங்கிவிட்டது.

மையை எழுதுபவரே இழைக்க வேண்டுமா, புட்டியில் வருவது போதாதா என்பது சீன, ஜப்பானியத் தூரிகை எழுத்துக்கலையில் நூறாண்டைத் தாண்டிய வழக்கு. ஒரு தரப்பு இழைப்பதைக் கலையின் முதல் படி என்கிறது. மற்றது அதை நேர விரயம் என்கிறது. இரு தரப்பும் தம் பக்கத்துக் காரணங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் வழக்கு முடியாமல் இழுக்கிறது என்பது என் எண்ணம். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் நினைவில் இருக்கட்டும். அடர்கறுப்பில் மறைந்து சாம்பலில் தெரியும் அந்த வேறுபாட்டை விளக்காத எந்தத் தீர்ப்பும் முழுத் தீர்ப்பாகாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த கெட்டிப் பொருள். விளக்குச் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி எடுப்பதை அறிந்த நமக்கு அதன் பாதி புரிந்துவிடும். தச்சர்கள் மரத்தை ஒட்டக் காய்ச்சும் வஜ்ஜிரத்தை நினைத்துக்கொண்டால் மறுபாதியும் புரியும். எண்ணெய் விளக்கின் கரி நுண்ணியது. அதன் கறுப்பு கதகதப்பானது, சற்றே பழுப்புச் சாயல் கொண்டது. பைன் மரத்தை எரித்துப் பிடித்த கரியில் துகள்கள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். நீர்த்தால் அதில் நீலம் கசியும். 1637-இல் வெளிவந்த சீனத் தொழில்நுட்ப நூலான 'தியென்கொங் கைவு'வில் சொங் யிங்சிங், பத்தில் ஒரு பங்கு மை எண்ணெய்க் கரியிலிருந்தும் ஒன்பது பங்கு பைன் கரியிலிருந்தும் வருவதாக எழுதுகிறார். மூங்கிலால் வேய்ந்த நீண்ட சுரங்கப் பாதையின் ஒரு முனையில் பைன் எரியும். அடுப்பிலிருந்து தொலைவில், கடைசிப் பகுதியில் படியும் கரியே மிக நுண்ணியது, உயர்ந்த மைக்கு உரியது.

பசையின் அளவில்தான் செய்பவரின் கைத்திறன் இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டு நூலான 'சிமின் யாவ்ஷு' தரும் செய்முறையில் சீன எடையளவில் 16 லியாங் கரிக்கு 5 லியாங் பசை. கலவையை இரும்பு உரலில் 30,000 முறை குத்த வேண்டும், அதற்கு மேல் குத்தினால் இன்னும் நல்லது என்கிறது அது. குளிர் முற்றினால் மை காயாது, வெயில் ஏறினால் பசை அழுகும் என்று காலத்தையும் வரையறுக்கிறது. ஜப்பானின் நாரா நகரில் இன்றும் குளிர்மாதங்களில்தான் மை செய்கிறார்கள். 1577-இல் தொடங்கிய கோபாய்-என் உள்ளிட்ட பட்டறைகள் அங்கே உள்ளன. கரி பத்துக்குப் பசை ஆறு என்பது அங்கே வழங்கும் கணக்கு. கையாலும் காலாலும் பிசைந்து, அச்சிலிட்டு, முதலில் ஈரச் சாம்பலிலும் நாளுக்கு நாள் உலர்ந்த சாம்பலிலும் புதைத்து, பிறகு வைக்கோலில் பின்னிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அவசரப்பட்டால் கட்டி வெடித்துவிடும்.

இப்படி வந்த கட்டியைச் சில துளித் தண்ணீர் விட்ட மைக்கல்லில், சந்தனம் இழைப்பதுபோல இழைக்க வேண்டும். கல்லின் மேட்டில் இழைத்து, அது கெட்டியானதும் பள்ளத்துக்குத் தள்ளி, மீண்டும் மேட்டில் நீர் விடுவார்கள். கைப்பழக்கத்துக்குச் சிறு அளவு மை சேரவே பத்து நிமிடம் ஆகும். ஒரு பெரிய தாளை நிரப்பும் அளவுக்கு வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்கும் மேல்.

புட்டி மை பிறந்ததற்குக் காரணமே இந்த நேரம்தான். பெய்ஜிங்கின் யிதெகெ கடை 1865-இல் தொடங்கியது. அதை நிறுவிய ஷியே சொங்தாய் அரசுத் தேர்வில் வெற்றி பெறாதவர் என்றும், தேர்வறையில் எழுத வேண்டிய நேரத்தை மை இழைப்பது தின்றுவிடுகிறது என்ற ஆதங்கமே அவரை நீர்ம மைக்கு இட்டுச்சென்றது என்றும் கடையின் வரலாறு சொல்கிறது. 1898-இல் ஜப்பானில் கைமெய் மை வந்தது. அதை உருவாக்கிய தாகுச்சி செய்ஜி பள்ளி ஆசிரியராக இருந்தவர். குளிரில் விறைத்த கைகளோடு பிள்ளைகள் மை இழைப்பதைப் பார்த்தவர். ஆகவே புட்டி மையைச் சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்று ஒதுக்குவது நியாயமாகாது. எழுத்தை நேசித்தவர்கள், எழுதும் நேரத்தை மீட்கச் செய்த முயற்சி அது. என் தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இந்த மரியாதையிலிருந்து விலகக் கூடாது.

இனி வாதங்கள். இழைப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை நான்கு: அது மரபு, அது மனத்தை ஒருமுகப்படுத்துகிறது, அதில் எழுதியது நீடித்து நிற்கிறது, அதன் நிறம் உயர்ந்தது.

மரபை முதலில் எடுக்கிறேன். எந்த மரபு என்று கேட்டதும் இந்த வாதம் தளர்கிறது. 1975-76-இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹூதியில் தோண்டிய சின் அரசகாலக் கல்லறைகளில் மையும் மைக்கல்லும் கிடைத்தன. கூடவே மையை அரைக்க ஒரு சிறு கல்லும் இருந்தது. அக்காலத்து மை கையில் பிடித்து இழைக்கும் கட்டியாக இல்லை. சிறு உருண்டையாகவோ வில்லையாகவோ இருந்ததை இன்னொரு கல்லால் நசுக்கி அரைத்தார்கள். அச்சிலிட்ட கட்டியைக் கையில் பிடித்து இழைப்பது பிற்பாடு வந்த பழக்கம். மூலப்பொருளும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவோ, மைக்காக வெட்டி வெட்டிப் பல மலைகள் பைன் மரமின்றி மொட்டையாகிவிட்டதைக் கண்டு வருந்தினார். நிலத்திலிருந்து ஊறும் கல்நெய்யை எரித்து எடுத்த கரியில் மை செய்து பார்த்து, அது பைன் மையைவிட மேலானது என்றும் எழுதினார். புதிய பொருளை மனமுவந்து ஏற்றவரும் அந்த மரபின் பிள்ளைதான்.

இதைவிட வலுவான மறுப்பு, இழைத்தது யார் என்பதில் இருக்கிறது. பழைய சீனத்தில் வசதியுள்ள எழுத்தாளர் பலருக்கும் மை இழைத்துக் கொடுத்தவர்கள் ஏவலாளர்களும் பணிச் சிறுவர்களும். படிப்பறைக் காட்சிகளை வரைந்த ஓவியங்களில் மேசையருகே நின்று மை இழைக்கும் சிறுவனை அடிக்கடி காணலாம். அழுத்தி இழைத்த கை உடனே தூரிகை பிடித்தால் நடுங்கும் என்பதையும் அறிந்திருந்தார்கள். நோயாளியின் கையைப்போல மெலிவாக இழைக்க வேண்டும் என்ற முதுமொழியும் உண்டு. நாம் தலைவணங்கும் எழுத்துகளில் எத்தனை, எழுதியவரே இழைத்த மையில் பிறந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே 'நீயே இழை' என்ற கட்டளைக்கு மரபைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மரபு சாட்சி சொல்வது இழைத்த மைக்கு மட்டுமே. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இரண்டாவது வாதம் மனம் பற்றியது. இழைக்கும் நேரத்தில் மூச்சு சீராகிறது, பார்த்து எழுத வேண்டிய மாதிரி எழுத்து கண்ணில் நிறைகிறது, உலகம் ஓசையடங்குகிறது என்கிறார்கள். அனுபவமாக இது உண்மை. நானும் அதை அனுபவித்திருக்கிறேன், அதை இழக்க விரும்ப மாட்டேன். ஆனால் திறனாய்வின் கேள்வி வேறு. அந்த அமைதி எழுத்தில் தெரிகிறதா? தெரிந்தாலும், அதைத் தருவது மை இழைப்பதுதானா, அல்லது எழுதுமுன் அரை மணி நேரம் சும்மா அமர்ந்திருப்பதா? மாதிரி எழுத்தைக் கையில் தூரிகையின்றிக் கண்ணால் மட்டும் நெடுநேரம் வாசிக்கும் பயிற்சி இக்கலையில் தனியாகவே உண்டு. மனத்துக்கு வேண்டியதை அது தந்துவிடும். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் தூரிகை எழுத்து தொடங்குகிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். அதில் இருபது நிமிடம் இழைக்கவும் பத்து நிமிடம் கழுவி அடுக்கவும் போனால், எட்டு வயதுக் குழந்தை எழுதுவதற்கு எஞ்சுவது கால் மணி. அந்தக் குழந்தைக்கு இழைப்பது தியானம் அல்ல, தடை.

இந்த இடத்தில் ஒரு கருவி நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது. ஜப்பானில் மின்சாரத்தில் இயங்கும் மை இழைக்கும் பொறிகள் விற்பனையில் உள்ளன. பொறி கட்டியைப் பிடித்துக்கொண்டு, கல்லின் மீது ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்காக இழைக்கும். ஆளுயரத் தாள்களில் எழுதுபவர்கள் கிண்ணம் கிண்ணமாக மை வேண்டியதால் இதை வாங்குகிறார்கள். இந்தப் பொறி இரண்டு வாதங்களைப் பிளந்து காட்டுகிறது. இழைப்பதன் பயன் மனத்தில் என்றால் பொறி இழைத்த மைக்கு மதிப்பே இருக்கக் கூடாது. பயன் மையில் என்றால் பொறி இழைத்த மையும் உயர்ந்ததாகவே இருக்க வேண்டும். தேர்ந்த எழுத்துக் கலைஞர்கள் பொறியை ஏற்று, அதே வேலைக்குப் புட்டியை ஏற்கத் தயங்குகிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது மனநிலையை அல்ல, மையை. செயலால் அவர்கள் சொன்ன சாட்சியை நான் நம்புகிறேன். மன அமைதி இழைப்பதில் கிடைக்கும் கூடுதல் பரிசு. அதை இழைப்பதற்கான காரணமாக்க முடியாது.

மூன்றாவது, நீடிப்பு. ஷுய்ஹூதியில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகளின் எழுத்து 2,200 ஆண்டுகள் கழிந்தும் படிக்கும்படி இருக்கிறது. அதற்குக் காரணம் கரி. கரி வெளிச்சத்தில் வெளுக்காது, காற்றோடு எளிதில் வினைபுரியாது. புட்டி மையிலும் இருப்பது அதே கரிதான். அந்த அளவில் இரண்டும் சமம். வேறுபாடு கரியைத் தாளோடு பிடித்து வைக்கும் பொருளில். புட்டி மைகள் இரு வகை. சிலவற்றில் விலங்குப் பசை, வேறு சிலவற்றில் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற செயற்கைப் பிசின். விலங்குப் பசை இரண்டாயிரம் ஆண்டுத் தேர்வில் தேறியது. செயற்கைப் பிசின் 20-ஆம் நூற்றாண்டின் வரவு, அதன் தேர்வு இன்னும் நடக்கிறது. இதை வைத்துப் பிசினைக் குற்றவாளியாக்க முடியாது, வாகை சூட்டவும் முடியாது.

உடனடி நீடிப்பு என்று ஒன்றும் உண்டு. எழுதிய தாளை ஈரமாக்கி, பின்புறம் வேறு தாள் ஒட்டிச் சுருளாக்கும்போது சில நீர்ம மைகள் கரைந்து பரவி எழுத்தையே கெடுத்துவிடும். சுருளாக்குவதற்கு ஏற்றது என்று தனியே குறித்த புட்டிகள் விற்கப்படுவது அதனால்தான். ஆனால் மெல்லிதாக இழைத்து, போதிய அளவு உலரவிடாத மையும் இதே தவற்றைச் செய்யும். இந்த வாதத்தில் வெற்றி எந்தப் பக்கத்துக்கும் இல்லை. புட்டியின் மேல் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவருக்கே வெற்றி.

மூன்று வாதங்களும் போயின. எஞ்சியது நிறம். நம் தொடக்கச் சோதனைகள் காத்திருப்பதும் இங்கேதான்.

மை ஒரு கூழ்மம். நுண்ணிய கரித்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காப்பது துகள்களைப் போர்த்தியிருக்கும் பசை. 1930-களில் ஜப்பானிய இயற்பியலாளர் தெராதா தொராஹிகோ மையை இந்தக் கண்ணோட்டத்தில் எடுத்து ஆராய்ந்தார். பசை இரண்டு வேலை செய்கிறது. கிண்ணத்தில் துகளைக் காக்கிறது, தாளில் துகளை நிறுத்துகிறது. கரியும் தண்ணீரும் தாளின் நார்களுக்குள் ஒன்றாக நுழைகின்றன. துகள்கள் ஓரிடத்தில் நின்றுவிட, தண்ணீர் மேலும் செல்கிறது. இரண்டும் எவ்வளவு தூரத்தில் பிரிகின்றன என்பதைத் துகளின் அளவும் பசையின் வலிமையும் முடிவு செய்கின்றன. நடுவில் தண்டும் சுற்றிலும் விளிம்பும் பிறப்பது இந்தப் பிரிவில். அடர்கறுப்பில் எல்லா இடமும் கரியால் நிறைந்துவிடுவதால் பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர்த்த மையில் மறைக்க எதுவும் இல்லை. இரு கோடுகளும் கறுப்பில் இரட்டையராகவும் சாம்பலில் அந்நியராகவும் தோன்றியதன் காரணம் இதுதான்.

புட்டிக்குள் அடைபட்ட மைக்கு ஒரு கடமை உண்டு: மாறாமல் இருப்பது. விலங்குப் பசை குளிரில் உறைந்து கூழாகும், வெப்பத்தில் அழுகும். ஆலையில் அடைத்து, கடையில் அடுக்கி, பல மாதம் கழித்துத் திறக்கும்போது அது முதல் நாள் இருந்தபடியே இருக்க வேண்டும். அதற்காகப் பசை உறையாமல் இருக்க உப்பும், கெடாமல் இருக்கக் காப்புப் பொருளும் சேர்க்கிறார்கள், அல்லது பசைக்குப் பதில் பிசினை வைக்கிறார்கள். மாறாமையை விலைகொடுத்து வாங்குகிறார்கள். கொடுக்கும் விலை, தாளின்மேல் மை காட்டக்கூடிய வேறுபாடுகளில் ஒரு பகுதி.

இழைத்த மையோ பிறந்த கணத்திலிருந்து மாறுகிறது. இழைத்தவுடன் எழுதினால் ஒரு நிறம், மூன்று மணி நேரம் கழித்து வேறு. இரவு முழுக்க விட்டுவிட்டால் பசை சிதைந்து, துகள்கள் திரண்டு, நாற்றமும் எடுக்கும். அந்தக் கெட்டுப்போன மையையும் கலையாக்கியவர்கள் உண்டு. ஹுவாங் பின்ஹொங் 1865-இல் பிறந்து 1955-இல் மறைந்த ஓவியர். அவர் பூர்விகம் மைக்குப் பேர்போன ஹுய்ஜோ பகுதியின் ஷ மாவட்டம். நாள்பட்ட மையின் கரடுமுரடான துகள்களையும், கறையின் நடுவில் கருத்துத் திரளும் புள்ளிகளையும் வைத்தே அவர் மலைகளின் ஈர இருளைக் கொண்டுவந்தார். அவருக்கு முன் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் துவோ, மை கோட்டை மீறி வழிந்து எழுத்தின் உள்வெளிகளை விழுங்குவதை அனுமதித்து, அடுத்த எழுத்தில் வறண்ட தூரிகையால் ஓடினார். இவர்கள் மையின் நிலைகளைத் தெரிந்து பயன்படுத்தினார்கள். ஒரே நிலையில் நிறுத்திவைத்த மையில் இதற்கு இடம் குறைவு.

இந்த நிலைகள் இழைப்பவரின் பிடியில் இருப்பவை. கட்டி பைன் கரியா எண்ணெய்க் கரியா, அதன் வயது எவ்வளவு என்பது ஒரு பிடி. புதிய கட்டியின் பசை கெட்டியாக ஒட்டும். பல ஆண்டுகள் கிடந்த கட்டியில் பசை இளகி மை தாராளமாகப் பரவும். கல் இன்னொரு பிடி. குவாங்தொங்கின் ஜாவ்சிங்கில் வெட்டிய துவான் கல் போன்ற நல்ல கல்லில், விரலுக்கு வழவழப்பாகவும் கட்டிக்குச் சொரசொரப்பாகவும் இருக்கும் நுண்ணிய படிகப் பற்கள் உண்டு. அவை மழுங்கினால் சாணைக்கல்லால் மெல்லத் தேய்த்து எழுப்ப வேண்டும். தண்ணீரின் அளவும் வெதுவெதுப்பும் மூன்றாவது. கையின் அழுத்தமும் வேகமும் நான்காவது. அழுத்திப் பிடித்து விரைந்து இழைத்தால் துகள்கள் கட்டி கட்டியாக உதிரும், மெல்ல இழைத்தால் பிரிந்து வரும். எங்கே நிறுத்துவது என்பது ஐந்தாவது. கட்டி நகர்ந்த தடம் கல்லில் உடனே மூடிக்கொள்கிறதா, ஒரு கணம் நின்று மூடுகிறதா என்று பார்த்துத் தீர்மானிப்பார்கள். புட்டியை வைத்திருப்பவரிடம் அதே சமயத்தில் இருக்கும் பிடி ஒன்றே: தண்ணீர்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இழைத்தது என்பதாலேயே மை உயர்ந்துவிடாது. மலிவான கட்டிகள் பலவும் ஆலைக் கரியால் செய்யப்படுபவை. பள்ளிப் பெட்டிகளில் வரும் மைக்கற்கள் சிலவற்றுக்குப் பற்களே கிடையாது. மட்டமான கட்டியை மட்டமான கல்லில் அரை மணி இழைத்தால் வருவது, தரமான புட்டி மையை நெருங்க முடியாத மங்கிய சேறு. இதைத் தெரியாமல் வாங்கி, கையும் மனமும் சோர்ந்து, இழைப்பதையே வெறுத்துவிட்ட தொடக்கக்காரர்களை நான் அறிவேன். குறை அவர்களுடையதல்ல. புட்டிகளிலும் தரம் உண்டு. பைன் கரியும் விலங்குப் பசையும் சேர்த்த சில புட்டி மைகள் நீர்த்த நிலையிலும் அழகாகப் பரவும். புட்டி மையைக் கல்லில் ஊற்றி, அதன்மேல் கட்டியை இழைத்து இரண்டின் பயனையும் சேர்த்தெடுப்பவர்களும் உண்டு. இரு பக்கத்துக்கும் நடுவில் நாம் நினைத்த அளவு உயரமான சுவர் இல்லை.

எதிர்த்தரப்பின் மிகப்பெரிய சாட்சி இனோவே யூயிச்சி. 1916-இல் பிறந்து 1985-இல் மறைந்த இந்த ஜப்பானியர், 20-ஆம் நூற்றாண்டின் எழுத்துக் கலைஞர்களில் தலையாயவர்களுள் ஒருவர். அவர் தம் பெரிய ஒற்றையெழுத்துப் படைப்புகள் பலவற்றைக் கட்டியாலும் எழுதவில்லை, கடைப் புட்டியாலும் எழுதவில்லை. கரித்தூளைச் செயற்கை ஒட்டும் பசையோடு கலந்து தாமே மை செய்தார். மையை உறையவைத்தும் பயன்படுத்திப் பார்த்தார். மரபின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது முழு மீறல். ஆனால் அந்த எழுத்துகளின் முன்னால் நின்றால், தூரிகையின் ஒவ்வொரு மயிரும் இழுபட்ட தடம் மையில் உறைந்து நிற்பதைக் காணலாம். அவருக்கு வேண்டிய மை கடையில் இல்லை, கட்டியிலும் இல்லை, ஆகவே செய்துகொண்டார்.

இனோவேயை வைத்து 'பார்த்தீர்களா, இழைப்பது தேவையில்லை' என்று முடிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. அவர் சாட்சி சொல்வது அதற்கு நேர்மாறாக. புட்டிக்காரர் கைவிட்டது இழைக்கும் உழைப்பை மட்டுமல்ல, மை எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவையும்தான். இனோவே உழைப்பின் வடிவத்தை மாற்றினார், முடிவைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பணிச் சிறுவன் இழைத்துத் தந்த மையில் எழுதிய பழைய சீன எழுத்தாளரும் அப்படியே. இன்னும் கொஞ்சம் கெட்டியாக, இன்னும் இரண்டு துளி நீர் என்று சொல்லத் தெரிந்தவர் அவர். பொறி வைத்து இழைப்பவரும் கட்டியைத் தேர்ந்து, நேரத்தைக் குறித்து, வந்ததைச் சோதித்துத் திருத்துகிறார். இவர்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது கட்டியைப் பிடித்த கை அல்ல. அவர்களின் மை அவர்களின் தீர்மானம். மரபைப் பற்றிப் பேசும்போது 'நீயே இழை' என்பதையும் 'இழைத்த மை' என்பதையும் பிரித்தது இதற்காகத்தான்.

ஆனால் அந்தத் தீர்மானிக்கும் அறிவு எங்கிருந்து வரும்? இங்கேதான் கை திரும்பி வருகிறது. கெட்டிப்படும் மை கட்டியைப் பிடித்து இழுக்கும் அந்த இழுவையை விரல்கள்தான் உணர வேண்டும். மினுமினுப்பு ஏறுவதைக் கண், கல்லின் ஓசை மாறுவதைக் காது, பசையும் கட்டியில் சேர்த்த கற்பூரமும் கலந்த வாசனையை மூக்கு. மையின் செறிவு என்பதை எண்ணாக எழுதிக் கொடுக்க முடியாது, உடலில்தான் பதிய வைக்க வேண்டும். நூறு முறை இழைத்தவர் அடுத்தவரை இழைக்கச் சொல்லலாம், பொறியிடம் விடலாம், புட்டியைக்கூடத் தமக்கு வேண்டியபடி வளைக்கலாம். ஒருமுறையும் இழைக்காதவருக்கு மை என்பது கறுப்பு, அவ்வளவுதான்.

கைத்தொழில் பற்றி ஒரு சொல். இழைப்பவர்கள் குறைந்தால் நாராவிலும் ஹுய்ஜோவிலும் மை பிசைபவர்களும் குறைவார்கள். ஹுய்ஜோ மைத்தொழில் 2006-இல் சீனத்தின் தேசிய அருவ மரபுப் பட்டியலில் சேர்ந்தது, நாரா மை 2018-இல் ஜப்பான் அரசின் மரபுக் கைத்தொழில் அங்கீகாரம் பெற்றது. பட்டியல் கௌரவம் தரும், வாடிக்கையாளரைத் தராது. இதில் எனக்குக் கவலை உண்டு. கட்டி வாங்க அது நல்ல காரணம். ஆனால் ஒருவர் எழுதியதை மதிப்பிடும்போது அதைத் தராசில் வைக்க மாட்டேன். இரக்கத்தால் வாங்கிய மை எழுத்தை உயர்த்தாது.

இனித் தீர்ப்பு. அடர்கறுப்பில், பெரிய எழுத்தில், பயிற்சிக்காக நாளுக்கு ஐம்பது தாள் எழுதும் கட்டத்தில், புட்டி மை போதும். அங்கே இழைக்கச் சொல்வது எழுதும் நேரத்தைத் திருடுவது. நீர்த்த மையில், தாளில் பரவல் பேச வேண்டிய எழுத்தில், ஓவியத்தில், மையின் பல நிலைகள் பொருளாகும் எந்தப் படைப்பிலும் இழைத்த மை உயர்ந்தது. அந்த உயர்வுக்குப் பொருளின் தன்மையிலேயே காரணம் இருக்கிறது, அது வெறும் நம்பிக்கை அல்ல. யார் இழைத்தார் என்பது படைப்பின் மதிப்பைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. புட்டியில் எழுதிய நல்ல எழுத்தைத் தாழ்வாகப் பார்ப்பவர் எழுத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் கற்பவர் ஒவ்வொருவர் மேலும் ஒரு கடமையை விதிப்பேன். ஒரு நல்ல கல்லும் ஒரு நல்ல கட்டியும் வாங்குங்கள். 15 கிராம் கட்டி போதும். வாரம் ஒருநாள் என்று வைத்து, அது விரலால் பிடிக்க முடியாத துண்டாகும்வரை இழைத்து எழுதுங்கள். மாதங்கள் ஆகும். அதற்குள் அதே கட்டி வெயிலிலும் குளிரிலும், அவசரத்திலும் நிதானத்திலும், கொஞ்ச நீரிலும் நிறைய நீரிலும் எத்தனை கறுப்புகளைத் தருகிறது என்பதைக் கை அறிந்துவிடும். அதன்பிறகு புட்டிக்குத் திரும்பினாலும் குறையில்லை. அப்போது அது நீங்கள் தேர்ந்தெடுத்த மை. அதற்குமுன் அது உங்களுக்கு வாய்த்த மை.